காத்திவாக்கத்துக்கு மூன்று விபிஎன்களோடு போன கதை

இந்தப் பதிவை வீட்டு மேசையில் உட்கார்ந்தே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வெளிநாடு போகிறவர்களும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களோடு பேசுகிறவர்களும் இந்த வலைப்பூவில் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த விபிஎன்னுக்கு சர்வர்கள் அதிகம்? அதிகமாக இருப்பதை வாங்கினால் தப்பில்லையே? தெரியாதவர்களுக்காக ஒரு வரி: விபிஎன் என்பது நம் இணைய இணைப்பை வேறொரு ஊரில் இருக்கும் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி. அந்த ஊர்க் கணினிதான் சர்வர். ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் எத்தனை சர்வர் இருக்கிறது என்பதை முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறது. மூன்று நிறுவனங்களை எடுத்து, எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டு, அட்டவணை ஒன்று போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் சகாயம் கூப்பிட்டான். கோவையில் நானும் அவனும் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன். சொந்த ஊர் எண்ணூருக்கு முந்தைய ஸ்டேஷனான காத்திவாக்கம். ஊரைவிட்டுப் போய் எத்தனை வருடம் ஆனாலும் பேச்சு மட்டும் மாறவில்லை.

"மாமு, அம்மாக்கு மூச்சு ரொம்ப இஸ்துகினு கீதாம். தங்கச்சி ஜெசிது பட்டன் போனு, கொரலு மட்டும்தான் கேக்குது. எனக்கு மூஞ்சிய பாக்கணும்டா. நீ ஒரு தபா வூட்டாண்ட போயி இன்னா ஏதுன்னு பண்ணிக் குடு."

அவனால் வர முடியாது. விசா புதுப்பிக்க என்று கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தது. எப்போது திரும்பி வரும் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. அந்த நாட்டில் நாம் பயன்படுத்தும் சாதாரண வீடியோ அழைப்பு வேலை செய்யாது. அரசு அனுமதித்த செயலிக்குத் தனி இணையத் திட்டம் வேண்டும், அவன் தங்கியிருந்த முகாமின் வைஃபையில் அது கிடையாது. விபிஎன் போட்டு அந்தத் தடையைத் தாண்டினால் அபராதம் உண்டு என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகாமில் எல்லோரும் செய்கிறார்கள் என்றான்.

ஒப்பீட்டுக்காக வாங்கி வைத்திருந்த மூன்று சந்தாக்களையும் அவன் போனிலும் ஏற்றச் சொன்னேன். பெயர்கள் வேண்டாம். ஒன்று பெரியது: ஆயிரக்கணக்கில் சர்வர், உலகத்தில் பாதிக்கு மேல் நாடுகள் என்கிற வகை. அடுத்தது நடுவாந்தரம். மூன்றாவது மிகச் சின்ன நிறுவனம். அதன் சர்வர்கள் நூறைத் தாண்டாது. இரண்டு நாள் கழித்து ரயில் ஏறினேன்.

கோவையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். காலை ரயிலில் உட்கார்ந்து போகும் இருக்கைக்கு இருநூறு ரூபாய்க்குள் ஆகும், மதியம் போய்ச் சேரலாம். வழியெல்லாம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நிறுவனங்களின் உதவிப் பக்கங்களையும் படித்துக்கொண்டே வந்தேன். முகப்பில் தெரியாத சங்கதிகள் அங்கேதான் இருக்கின்றன. பெரிய நிறுவனத்தின் பட்டியலில் "சென்னை" என்றே ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் சிறு குறி. அதை அழுத்தினால், இது மெய்நிகர் இடம், இயந்திரம் வேறு நாட்டில் இருக்கலாம் என்று ஒரு வரி. இந்தியாவில் சர்வர் வைத்தால் பயனர் விவரங்களைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, பல நிறுவனங்கள் இங்கிருந்த இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பட்டியலில் ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன.

பேசின் பிரிட்ஜில், சென்ட்ரலில் நடைமேடை காலியாகவில்லை என்று ரயில் நின்றுவிட்டது. அங்கே நிற்காமல் நேராக உள்ளே போன ரயிலில் நான் வந்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது சகாயத்தின் தங்கை ஜெசிந்தாவிடமிருந்து போன்.

"பிரபுண்ணா, எங்க வந்துகினு கீறீங்க?"

"பேசின் பிரிட்ஜ் வந்தாச்சும்மா."

"அம்மா பூட்டாங்கண்ணா."

காலையிலேயே போய்விட்டதாகவும், தான்தான் சகாயத்துக்குச் சொன்னதாகவும் அவளே தொடர்ந்தாள். "அவன் ஒரு வார்த்த பேசலண்ணா. லைன்ல மட்டும் இருந்துகினே இருந்தான். நான்தான் கட் பண்ணேன்."

"நான் இப்ப வரட்டுமா, இல்ல தொந்தரவா இருக்குங்களா?"

"இன்னாண்ணா இப்டி கேக்குறீங்க. வாங்க. நாளைக்கி அடக்கம். நீங்க இருந்தாதான் அவனுக்கு காட்ட முடியும்."

சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே புறநகர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி வண்டியில் காத்திவாக்கத்துக்குப் பத்து ரூபாய்; ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ரயிலுக்கு வழிவிட நிறுத்திப் போட்டால் அது உங்கள் பாடு. கொருக்குப்பேட்டையில் நிறுத்திப் போட்டார்கள். தண்டையார்பேட்டை தாண்டியதும் எண்ணெய் நெடி வண்டிக்குள் ஏறியது. மணலிப் பக்கம் ஒரு புகைபோக்கியின் உச்சியில் பட்டப்பகலில் தீ எரிந்துகொண்டிருந்தது. பெட்டியில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எதிரில் பாதுகாப்பு பூட்ஸ் போட்ட இரண்டு பேர் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் வைத்த என் முழங்கை கருத்துப்போயிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "சாவு வூட்டுக்கா நைனா? ஃபிலோமினாக்கா வூடா?" என்றார். ஆமாம் என்றதும் இன்னொரு சவாரிக்குக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பினார். "அது நல்லா கீற காலத்துல கழிமுகத்துல எறங்குச்சின்னா ஆம்பளைங்களே நிக்க மாட்டாங்க. கையாலயே தடவி எறா புடிக்கும். கடசீல தெருவ தாண்ட முடியல." இருபது ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "சாயங்காலம் கப்பு தாங்காது, மூக்குல துணி கிணி வெச்சிக்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு, தேவாலயத்துக்குப் பின்தெருவில் இரண்டே அறை. வாசலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே ஐஸ் பெட்டியின் இரைச்சல். ஜெசிந்தா முப்பதை நெருங்கியவள். திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில் லாரிகளைப் பதிவு செய்யும் வேலை. அழுது ஓய்ந்த முகம் இல்லை அது. இன்னும் அழ நேரம் கிடைக்காத முகம். சாமியானாக்காரரோடும் கல்லறைக்குழி தோண்டுகிறவரோடும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குந்துங்கண்ணா. டீ குடிங்க. அப்பால போன பாப்போம்."

டீ வந்தது. அவளும் நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். "அம்பத்தெட்டுதான் அம்மாக்கு. ஆஸ்பத்திரில டாக்டரு, பீடி குடிப்பியான்னு கேட்டாரு. எங்கம்மா வெத்தலகூட போட்டதில்ல. அதுக்கு அம்மா இன்னா சொல்லுச்சி தெரியுமா? குடிச்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும் டாக்டர்னுச்சி."

மாலையில் சகாயத்தை அழைத்துப் பார்த்தோம். அம்மாவைக் காட்ட ஜெசிந்தா ஒப்புக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி முழுக்க நீர் பூத்திருந்தது. "இதுக்குள்ள வெச்சி காட்ட வாணாம். நாளைக்கி குளிப்பாட்டி, பொடவ கட்டி, ஒயுங்கா பெட்டில வெப்போம். அப்ப பாக்கட்டும்." சகாயமும் சரியென்றான். ஆகவே அன்று என் முகத்தையும் அவள் முகத்தையும் வைத்துத்தான் சோதனை.

முதலில் பெரியது. அவன் அங்கே "சென்னை" சர்வரைத் தேர்ந்தெடுத்தான். நான் இங்கே மடிக்கணினியில் அதே சர்வருக்கு ஒரு தகவல் துணுக்கை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். இதே ஊரில் இருக்கும் இயந்திரம் என்றால் கண் இமைக்கும் நேரத்தில் சின்னஞ்சிறு பங்குக்குள் பதில் வர வேண்டும். அதைப்போல ஐந்தாறு மடங்கு ஆனது. சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. எங்கள் முகங்கள் அவனுக்குக் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தன. நடுவாந்தரத்தில் "மும்பை" போட்டான். படம் வந்தது, குரல் எங்கோ பின்தங்கி வந்தது. சின்ன நிறுவனத்தின் பட்டியலில் இந்தியா என்ற பெயரே இல்லை. சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர்தான். அதில் போட்டதும் படம் கண்ணாடிபோல நின்றது.

மேல் கட்டிலில் போர்வைக்குள் குந்தியிருந்தான் சகாயம். தாடி வளர்ந்திருந்தது. தங்கச்சியைப் பார்த்து, "துன்னியா?" என்று கேட்டான்.

"துன்னேன். நீ?"

"ம்."

இரண்டு பேருமே பொய் சொன்னார்கள். யாரோ வரும் சத்தம் கேட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டான். நாளைக்கு இதிலேயே வருகிறேன் என்று பிறகு செய்தி அனுப்பினான். திருவொற்றியூரில் ஒரு விடுதியில், எண்ணூற்றைம்பது ரூபாய் அறையில் தங்கினேன். ஆயிரக்கணக்கான சர்வர்களைச் சின்ன நிறுவனம் ஜெயித்துவிட்டது, பதிவுக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு எனக்குள் ஒரு திருப்தி இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை அம்மாவைக் குளிப்பாட்டி, பெட்டியில் கிடத்தி, பந்தலில் வைத்தார்கள். ஜெபமாலை சொல்லி முடித்ததும் ஃபாதர் வருவார், ஜெபித்து மந்திரிப்பார், பெட்டியை மூடுவார்கள். அதற்கு முன்னால் சகாயம் பார்க்க வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு அழைத்தேன்.

இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி முயன்றோம். அவனிடமிருந்து செய்தி வந்தது: சர்வர் நிரம்பிவிட்டது என்று காட்டுகிறதாம். அன்று அங்கே விடுமுறை நாள். முகாம்களில் இருக்கும் அத்தனை பேரும் வீட்டுக்குப் பேசும் நேரம் அதுதான். சின்ன நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் இருந்ததோ விரல்விட்டு எண்ணும் சர்வர்கள். நேற்று வேலை நேரம் என்பதால் காலியாக இருந்திருக்கிறது. அதைத்தான் தரம் என்று நான் நம்பியிருக்கிறேன். எண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூட்டம் வரும் நேரத்தில்தான் எண்ணிக்கை தெரியும்.

பெரியதற்கு மாறச் சொன்னேன். இணைப்பு உடனே கிடைத்தது. போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இன்னாடா, ஒண்ணும் தெரியல. கட்டமா கீது. மாமு, ஆட்டாம புடி."

நான் ஆட்டவில்லை. படம் அவன் பக்கம் உறைந்துபோய், என் கட்டைவிரலும் பெட்டியின் ஓரமும் மட்டுமே தெரிந்ததாம். நடுவாந்தரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மீண்டும் சின்னது. மீண்டும் நிரம்பல். ஃபாதர் வந்து நின்றார். தெருவே எங்களைப் பார்த்தது. ஃபாதருக்கு அடுத்து எர்ணாவூரில் இன்னொரு அடக்கம் இருந்தது. ஆனாலும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "வுடுங்கண்ணா. போதும்," என்றாள். தன்னுடைய பழைய போனை எடுத்து, சாதாரண வெளிநாட்டு அழைப்பில் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள்.

"அண்ணா, கேளு. நான் பாத்துகினு கீறேன். நான் சொல்றேன் உனுக்கு."

போனைப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"மெரூன் பொடவ கட்டிக்கீறோம். என் கல்யாணத்துக்கு நீ எடுத்து அனுப்புனியே, அது. ஒரு தபாதான் கட்டுச்சி, அயுக்காவும்னு மடிச்சி வெச்சிருச்சி. தல சீவிக்கீது. நடு வகிடு. கையில ஜெபமால."

"வாயி?" என்றான் சகாயம்.

"லேசா தொறந்துகினு கீது. தாவாங்கட்டய கட்டித்தான் வெச்சோம், நிக்கல. எறா வந்துச்சான்னு கேக்க வாயத் தொறக்குமே, அந்த மாதிரி."

"மூஞ்சி கஷ்டப்பட்ட மாதிரி கீதா ஜெசி? நெஜத்த சொல்லு."

அவள் குனிந்து அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"கண்ணாண்ட கஷ்டம் கீது," என்றாள். "ஒதட்டாண்ட இல்ல. நேத்து காத்தால ரொம்ப கஷ்டப்பட்டுச்சிண்ணா. உன் பேர சொல்லல, என் பேரும் சொல்லல. மூச்சு வுட்றதே பெரிய வேலயா பூட்டுச்சி அதுக்கு. இப்ப அந்த வேல இல்ல."

சகாயம் அப்போதுதான் அழுதான். ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கரகரத்து வந்தது. பந்தலில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"விரலு?" என்று கேட்டான்.

"அதேதான். முள்ளு குத்துன தழும்பு. நகம் கருப்பா. தேச்சி தேச்சி பாத்தேன், சேறு போவல."

"வுடு. தேய்க்காத." கொஞ்சம் பொறுத்து, "போன அம்மா காதாண்ட வை. ஸ்பீக்கர ஆப் பண்ணு," என்றான்.

அவள் அப்படியே செய்தாள். அம்மாவின் காதோடு போனை ஒட்டிவைத்து, நழுவாமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். அவன் என்ன சொன்னான் என்று எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினான். அவள் கை வலித்திருக்க வேண்டும், மாற்றிப் பிடிக்கவில்லை. கடைசியில் திரை அணைந்தது. எழுந்து, "மூடுங்க ஃபாதர்," என்றாள்.

அதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் என் போனில் பதிவு செய்தேன். ஃபாதரின் ஜெபம், மூடி, தோளில் ஏறிய பெட்டி. கல்லறைக்குப் போகும் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அமரர் ஊர்தி நகரவில்லை. எங்கள் ஓட்டுநர் தலையை நீட்டி, "சாவு வண்டிபா, ஒத்து!" என்று கத்தினார். லாரிக்காரர், "எங்க ஒத்துறது தலைவா, முன்னால பாரு," என்றார். அவர் சொன்னது உண்மைதான், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை லாரிகள். ஆண்கள் பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொள்ள, லாரிகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். டீசல் புகை பெட்டியின் மேல் கிடந்த மாலைகளில் படிந்தது. சில ஓட்டுநர்கள் இன்ஜினை அணைத்தார்கள். சிலர் அணைக்கவில்லை. ஆலைப் பக்கத்திலிருந்து ஒரு நெடி வந்து தொண்டையைப் பிடித்தது. மண் போடும்போது பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

இனி, இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்கும் விபிஎன் வாங்கப்போகிறவர்களுக்கும். காத்திவாக்கம், எண்ணூருக்குப் புறநகர் ரயில்தான் நல்லது. சாலை வழி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். விம்கோ நகர் வரை மெட்ரோவும் உண்டு, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மாலை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சர்வர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பார்க்காமலும் வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஊரில் இயந்திரம் உண்மையாகவே இருக்கிறதா, அந்த ஒரே ஊரில் எத்தனை இருக்கின்றன என்று உதவிப் பக்கத்தில் தேடுங்கள். மற்ற கண்டங்களில் இருக்கும் ஆயிரங்களால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நீங்கள் பேசப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். நான் வேறு கிழமையில், வேறு நேரத்தில் சோதித்தேன். பேசுகிறவர் இருக்கும் நாட்டின் சட்டத்தை முதலில் கேளுங்கள், அனுமதித்த செயலிக்கு வழி இருந்தால் அதையே எடுங்கள், ஏனென்றால் மாட்டினால் மாட்டுவது நீங்கள் இல்லை, அவர். தள்ளிப்போட முடியாத அழைப்பு என்றால் விபிஎன்னை நம்பாதீர்கள். சாதாரண அழைப்புக்குப் போனில் பணம் வைத்திருங்கள். முகம் தெரியாது. ஆனால் அறுந்துபோகாது.

ஊர் திரும்பியதும் அடக்கத்தை எடுத்த அந்த வீடியோவைச் சகாயத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது, திறந்த குறி வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை என்றான். வீடியோவைப் பார்த்தாயா என்றேன்.

"இல்ல மாமு. ஜெசி சொன்னது அப்டியே கண்ணுல நிக்குது. இத்த பாத்தன்னா அது பூடும். நீயே வெச்சிக்க."